பதினாலு புள்ளி ஒன்று

வெற்றிட மானியில் மைனஸ் ஆறு வந்தால்தான் வெள்ளியை உருக்க முடியும், அதுவோ மைனஸ் நாலில் நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது, இன்னும் நாற்பது நிமிஷமோ ஒரு மணி நேரமோ, அதுவரை உலகம்மாளுக்குக் கையில் வேலை இல்லை. கையில் வேலை இல்லாவிட்டால் மனசு எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் எழுந்து மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேஜைதான். மதியம் இரண்டே கால், சித்திரை வெயில் ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளையும் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது, ஏசி சொட்டுச்சொட்டாக வாளியில் ஒழுகியது, காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பு ஒரே சுதியில் உறுமிக்கொண்டே இருந்தது, எஃகுப் பீப்பாய்க்குள் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள் தலைகீழாகத் தொங்கின, ஒவ்வொன்றும் தபால் தலை அளவில் ஒரு சூரிய மின்செல் ஆகப்போவது, ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் ஒரு பூச்சு. பூச்சில் இரண்டு பொருள்கள், ஒன்று வெளிச்சம் பட்டால் மின்னூட்டத்தைக் கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும், இரண்டும் பச்சை வெளிச்சத்தைக் கோட்டைவிடும், அந்தப் பச்சையைப் பிடிக்கத்தான் மூன்றாவதாக அவள் தோழி ரஸியா செய்த சாயம், நூற்றுக்கு எட்டுப் பங்கு, அதைச் சேர்த்தால் வெயில் கூடுதலாக மின்சாரம் ஆகும். ஆக வேண்டும். ஆயிற்று. ஒரே ஒரு நாள் ஆயிற்று, ஜனவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினாலு புள்ளி ஒன்று. சாயம் இல்லாமல் பன்னிரண்டு புள்ளி ஒன்றுதான் வரும், ஆக நூறு பங்கு வெளிச்சத்தில் முழுசாக இரண்டு பங்கு கூடுதல். வெளியே யாரிடமாவது சொன்னால் இரண்டுதானா என்பார்கள். அந்த இரண்டுக்காக உலகத்தில் எத்தனை பேர் எத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது, அதை விடு, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பதினாறு செவ்வாய்க்கிழமை போய்விட்டது, ஒரு தடவையாவது அந்த இரண்டு திரும்பி வந்ததா, பன்னிரண்டு புள்ளி மூன்று, பன்னிரண்டு புள்ளி ஐந்து, பன்னிரண்டு புள்ளி நான்கு, சை, எழுதி எழுதி நோட்டில் அந்தப் பன்னிரண்டே அவளைப் பார்த்துப் பல்லிளிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது தொங்குகிற பன்னிரண்டு துண்டும் அதைத்தான் சொல்லும். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் காலை ஏழு மணிக்கு வந்து கழுவி, பூசி, சுட்டு, அடுக்கி, பீப்பாயை மூடினாள். தெரிந்த பதிலை ஒருத்தி எதற்கு மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், முப்பத்திரண்டு வயசில், ஆராய்ச்சி மாணவி என்ற பெயரில், ஏழாவது வருஷமாக.

போனில் அம்மா. எடுக்காவிட்டால் நாலு தடவை அடிப்பாள், எடுத்தால் ஒரே தடவையில் நாலு தடவைக்கானதைப் பேசுவாள், எடுத்தாள். "ஏட்டி உலகு, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றாள், சாப்பிடவில்லை. "இங்க பெரியத்தான் வந்திருக்காவ. நம்ம மாடில உன் கண்ணாடிய ஒண்ணு மாட்டித் தருவியான்னு கேக்காவ. கரண்டு பில்லு ரொம்ப வருதாம்லா." "அம்மா, அது மாடில மாட்டுறதில்ல, அது இத்தனூண்டு, ஒரு விரல் நகம் அளவு." "நகம் அளவுக்கா பேப்பர்ல போட்டான்?" பேப்பரில் போட்டது அவள் குற்றமா, அவளுடைய வழிகாட்டி நீலமேகம் சார் ஏதோ ஒரு விழாவில் பேசினார், அங்கே வந்த நிருபர் பாதி கேட்டு மாவட்டப் பக்கத்தில் எழுதிவிட்டார், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் கண்டுபிடித்த தென்காசிப் பெண் என்று, என்னமோ அதுவரைக்கும் யாரும் சூரியனையே பார்க்காத மாதிரி. அம்மா அதை வெட்டி லேமினேட் பண்ணி ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். பால்காரரிலிருந்து பங்குனிக் கோயில் கொடைக்கு வந்த சொந்தம் வரைக்கும் படித்தாயிற்று. "சரிம்மா, வேலை இருக்கு, வைக்கேன்." "எப்பதான் முடியுமாம்ட்டி ஒன் படிப்பு?" இதோ, கேட்டுவிட்டாள், இதைக் கேட்காமல் ஒரு நாள் போனை வைத்தாள் என்றால் அன்றைக்கு மழை பெய்யும். "முடியப்போவுதும்மா, கட்டுரை ஒண்ணு பாக்கி, அது வந்துட்டா முடிஞ்சுது." "அத போன வருசமும் சொன்ன கேட்டியா." வைத்துவிட்டாள். கட்டுரை ஒன்று பாக்கி. அந்தக் கட்டுரை ஆய்விதழுக்குப் போய் மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர் கையில் மாட்டி, இரண்டு பேர் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, மூன்றாவது ஆள் மட்டும், பெயர் தெரியாத அந்த மகராசன், ஒரு செல்லை வைத்து எப்படி நம்புவது, குறைந்தது இருபது செல் செய்து சராசரி காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறான். நியாயமான கேள்வி. நியாயமாக இருப்பதுதான் எரிச்சல். அநியாயமான கேள்வியாக இருந்தால் சாரும் அவளும் சேர்ந்து அவனைத் திட்டியிருக்கலாம், காபி குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் திட்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்.

மைனஸ் நாலு புள்ளி மூன்று. பார்த்துக்கொண்டிருந்தால் இறங்காது, பார்க்காதே. என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று, கரைப்பான் பாட்டிலை மாற்றினாள், பழைய பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததைத் தேடி எடுத்து அதிலும் செய்தாள், சுடுகிற சூட்டை ஐந்து டிகிரி கூட்டினாள், ஐந்து குறைத்தாள், காற்றில் ஈரம் என்று குறை சொன்னாள், ஈரமில்லாத பெட்டிக்குள் செய்து பார்த்தாள், சாயத்தை ஒன்பது பங்காக்கினாள், ஏழாக்கினாள், வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஜனவரி ஆறாம் தேதி போட்டிருந்த அதே நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு நாள் முழுக்கச் செய்தாள், அன்றைக்கும் பன்னிரண்டு புள்ளி நான்கு. இவள் இயற்பியல் படித்தவள். நீலச் சுடிதார். சார் ஒவ்வொரு சாயங்காலமும் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "பதினாலு வந்துதா உலகம்மா?" என்பார், ரயில் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி, வந்தே தீரும், கொஞ்சம் லேட், அவ்வளவுதான் என்கிற தொனி. அவர் நல்ல மனுஷன். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார், முப்பது வருஷமாக இதே கட்டடத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்லி, கேலி பண்ணினவர்களெல்லாம் துறைத்தலைவர்களாகிப் போனதைப் பார்த்தவர், பதினாலு புள்ளி ஒன்று திரையில் வந்த அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார், கீழே போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மைசூர்பாகு. அதை எதற்கு இப்போது நினைக்கிறாய். அந்த நெய் வாசனையோடு கூடவே சுண்ணாம்பு வாசனையும் வருகிறது பார், புதுசாக வெள்ளையடித்த சுவரின் வாசனை. அங்கேதான் வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது, மேஜையைத் துடைத்தாலும் அம்மாவோடு பேசினாலும் கடைசியில் இந்தச் சுவரடியில்தான்.

சரி, மறுபடி முதலிலிருந்து, ஒரு தடவை ஒழுங்காக யோசித்துவிடுவோம் என்று மூன்று மாசமாக நூறு தடவை யோசித்ததை நூற்றியோராவது தடவையாக ஆரம்பித்தாள். வெள்ளையடிக்க ஆட்கள் இரண்டு தடவை வந்தார்கள். முதல் பூச்சு டிசம்பர் இருபத்தெட்டு. மேல் சுவரில் ஓதம் வந்து உப்புப் பூத்ததால் இரண்டாவது பூச்சு ஜனவரி பத்து. இரண்டுக்கும் நடுவில் ஜனவரி ஆறு. விளக்கின் அடியில் ஒரு சிறிய அளவுச் செல் இருக்கிறது, தீப்பெட்டி அளவு, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல், செயற்கைச் சூரியன் என்று இவர்கள் சொல்கிற அந்த விளக்கு நிஜச் சூரியன் அளவுக்கு எரிகிறதா என்று சொல்வது அந்தச் செல்தான், அதில் நூறு என்று காட்டும்வரை விளக்கைத் திருகிக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள், அதற்கப்புறம்தான் எதையும் அளக்கலாம். சுண்ணாம்பு தெறிக்கும் என்று அந்தக் கண்ணாடி ஜன்னல் மேல் அவள் செல்லோ டேப் ஒட்டினாள். ஒரு துண்டு, பல்லால் கடித்துக் கிழித்தது. அது நிச்சயம். அதை ஜனவரி இருபதாம் தேதி பார்த்தபோது திடுக்கிட்டாள், ஐயோ இது இன்னுமா இருக்கிறது என்று நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதுவும் நிச்சயம். எடுத்ததும் நூறில் நின்றிருந்த எண் நூற்றுப் பதின்மூன்றுக்குத் தாவியது. அதையும் பார்த்தாள். அவள் என்ன செய்தாள், விளக்கைத் திருகிக் குறைத்து நூறுக்குக் கொண்டுவந்தாள், நோட்டில் விளக்கு சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி எழுதினாள், சாப்பிடப் போனாள். ஆக டேப் இருந்தவரைக்கும் அந்தச் செல் கண்ணில் படலம் விழுந்த மாதிரி குறைவாகப் பார்த்திருக்கிறது, குறைவாகப் பார்த்ததால் இவள் விளக்கைக் கூட்டியிருக்கிறாள், நூறு பங்கு வெளிச்சத்துக்குப் பதில் நூற்றுப் பதின்மூன்று பங்கு வெளிச்சத்தில் நிறுத்தி வைத்து அளந்திருக்கிறாள். ஆனால் எந்த நாட்களில்? ஆறாம் தேதி அந்த ஒரு செல்லை அளந்ததோடு சரி, பிறகு வெள்ளையடிப்பும் பொங்கலுமாக இருபதாம் தேதிவரை எதையுமே அளக்கவில்லை. முதல் பூச்சுக்கே ஒட்டினாளா, இரண்டாவது பூச்சுக்கு ஒட்டினாளா? முதல் பூச்சு என்றால் ஜனவரி ஆறாம் தேதி டேப்போடு அளந்தது, பதினாலு புள்ளி ஒன்று வெறும் கூடுதல் வெளிச்சம். இரண்டாவது பூச்சு என்றால் பதினாலு புள்ளி ஒன்று நிஜம், ரஸியாவின் சாயம் நிஜம், மைசூர்பாகு நிஜம், இவள் கைதான் எதையோ மறந்துவிட்டது, தேடினால் கிடைக்கும். இரண்டாவது பூச்சுதான் என்று காலையில் தோன்றும், ஏனென்றால் இரண்டாவது தடவை வந்த ஆள் தூரிகையை உதறிக்கொண்டே இருந்தான், அதைப் பார்த்துத்தான் டேப்பைத் தேடி எடுத்து ஒட்டிய ஞாபகம். சாயங்காலமானால் முதல் பூச்சு என்று தோன்றும், ஏனென்றால் டேப்பைக் கடிக்கும்போது பல் கூசியது, டிசம்பரில்தான் அந்தக் கடைவாய்ப் பல் வலி, பொங்கலுக்கு முன்னால் அடைத்தாயிற்று. பல் எப்போது அடைத்தாள், எட்டாம் தேதியா பன்னிரண்டாம் தேதியா. இப்படியே போனால் பைத்தியம் பிடிக்கும். சொல்லிவிடலாம் என்று நினைத்த அன்றைக்கெல்லாம் இன்னொரு பயம் வந்து குறுக்கே நின்றது: ஒருவேளை அது நிஜமாக இருந்து, இவள் போய் வாயைத் திறந்து, நிஜமான ஒன்றைப் பொய்யென்று சொல்லிக் கொன்றுவிட்டால்? அந்தப் பயம் எவ்வளவு யோக்கியமாகத் தெரிந்தது, எவ்வளவு விஞ்ஞானபூர்வமாக, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு மூன்று மாசம் ஓட்டிவிட்டாள். இதில் இன்னொன்றும் உண்டு, அதை மட்டும் அவள் நேராகப் பார்ப்பதில்லை, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்: முதல் பூச்சு நாளன்று செய்தித்தாள் போர்த்திய அறையைப் போனில் ஒரு படம் எடுத்தாள், மேஜை, விளக்கு எல்லாம் அதில் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். போன் இதோ இடது பையில் இருக்கிறது. நாலு மாசமாக இடது பையில்தான் இருக்கிறது.

கதவு திறந்தது, இரண்டு பேப்பர் கப்போடு ரஸியா. வேதியியல் கட்டடத்திலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் முக்காட்டின் ஓரம் நெற்றியில் ஒட்டியிருந்தது. கீழக்கரைக்காரி, இவளை விட ஒரு வயசு மூத்தவள், அந்தச் சாயத்தை ஆறு படியாக, ஒவ்வொரு படியிலும் பாதியைத் தோற்று, ஒன்றரை வருஷத்தில் செய்தவள், அரிசி மணி அளவு கிடைத்த முதல் நாள் சின்னக் குப்பியில் போட்டுக் கையில் பொத்திக்கொண்டு வந்து காட்டினாள். "என் புள்ளை எப்படி இருக்கு?" என்று பீப்பாயைத் தட்டினாள். தினமும் இதே கேள்வி, தினமும் ஒரே தட்டு. "தொங்குது" என்றாள் உலகம்மாள். "இன்னைக்காச்சும் வாயத் தொறந்து பதினாலுன்னு சொல்லச் சொல்லு. வியாழக்கிழமை ஜெர்மனி வேலைக்கு இன்டர்வியூ வச்சிருக்காங்க, அந்த ஊர்க்காரன் கேப்பான், எத்தனை செல்லுல வந்துதுன்னு." உலகம்மாள் டீயை வாங்கினாள், சூடு விரலில் பட்டது, மாற்றிப் பிடித்தாள். வியாழக்கிழமையா. அடுத்த மாதம் என்றுதானே சொன்னாள். "முன்னாடி தள்ளிட்டாங்க" என்றாள் ரஸியா, "நேத்துதான் மெயில் வந்துச்சு. ஸ்லைடு எல்லாம் ரெடி. உன் கிராஃபத்தான் நாலாவது ஸ்லைடுல வச்சிருக்கேன், பெருசா, அது ஒண்ணு போதும்டி, மத்ததெல்லாம் சும்மா. எங்க வீட்டுக்காரரு ஜெர்மன் பாஷையே படிக்க ஆரம்பிச்சாச்சு, போன்ல ஒரு கிளி வந்து சொல்லிக்குடுக்குது, பல்லு வெளக்கும்போதுகூட அதோட பேசிட்டிருக்காரு." சிரித்தாள். ரஸியா சிரித்தால் உலகம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிடும், ஏழு வருஷப் பழக்கம், இப்போது வரவில்லை. நாலாவது ஸ்லைடில் பெரிதாக. முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் ரஸியா நிற்பாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் தோழி அளந்தது என்பாள், அவர்களில் ஒருத்தன், விளக்கு எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்பான், இவள் நம்பிக்கையாக ஒரு பதில் சொல்வாள், அந்த நம்பிக்கை முழுக்க என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனது. மூன்றாவது ஆளுக்குப் பதில் எழுதுவது வேறு, அவன் முகம் தெரியாது. இந்த முகம் தெரியுமே. நெற்றியில் ஒட்டின துணியோடு எதிரே நிற்கிறதே.

"ரஸியா, அந்த ஸ்லைட எடுத்துரு" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை, யார்மேலோ எரிந்து விழுகிற மாதிரி வந்தது. "ஏன், கலரு நல்லால்லையா?" "அது வராது. அன்னைக்கு வந்தது தப்பு. தப்புன்னு நெனக்கேன்." பிறகு நிறுத்த முடியவில்லை, டேப், பல்லால் கடித்தது, முதல் பூச்சு, இரண்டாவது பூச்சு, நூற்றுப் பதின்மூன்று, எல்லாம் வரிசை தப்பி வந்தன, நடுவில் அந்தப் பல் டாக்டர்கூட வந்தார், சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவுதானா, இதைச் சொல்ல இரண்டு நிமிஷம்தானா ஆகிறது, இந்த இரண்டு நிமிஷத்துக்கா மூன்று மாசம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. ரஸியா கப்பைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ரஸியா கத்துவாள் என்று உலகம்மாள் நினைத்திருந்தாள். கத்தவில்லை. "இருபதாம் தேதியே பாத்தியா?" "பாத்தேன்." "அப்பவே தெரியுமா?" "தெரியும்னு சொல்ல முடியாது." "தெரியாதுன்னு சொல்லுவியா?" உலகம்மாள் மானியைப் பார்த்தாள். பம்பு உறுமியது. "பிப்ரவரில அந்தக் கிராஃப எனக்கு அனுப்புனியே" என்றாள் ரஸியா, "அனுப்புறப்ப?" உலகம்மாள் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள், ரஸியா கப்பை மேஜையில் வைத்தாள், வைத்த வேகத்தில் டீ தளும்பித் துடைத்த மேஜையில் சிந்தியது. "ஆறு ஸ்டெப்பு" என்றாள், "ஒன்றரை வருஷம். என் புள்ளைக்குத் திறமை இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்." பிறகு போனை எடுத்தாள். யாருக்கோ பேசப்போகிறாள் என்று நினைத்தாள் உலகம்மாள், ரஸியா பேசவில்லை, கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள், ஏப்ரல், மார்ச், பிப்ரவரி, இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட ஆயிரம் அற்ப விஷயங்கள், பூனைப் படங்கள், ஹாஸ்டல் இட்லியின் படம், சாரைப் பற்றின கேலி, எல்லாம் விரலடியில் ஓடின. டிசம்பரில் நின்றது. "நீ எனக்கு ஒரு படம் அனுப்புன" என்றாள், "ரூம் முழுக்கப் பேப்பரு. பேய் வீடு மாதிரி இருக்குன்னு எழுதியிருந்த." அனுப்பியிருக்கிறாளா. தன் பையிலேயே கிடக்கிறது என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்த அந்தப் படம் நாலு மாசமாக ரஸியாவிடமும் கிடந்திருக்கிறது. ரஸியா இரண்டு விரலால் அதை விரித்தாள், இன்னும் விரித்தாள், கண்ணருகே கொண்டுபோனாள். உலகம்மாள் பார்க்கவில்லை, ரஸியாவின் முகத்தைத்தான் பார்த்தாள், அந்த முகத்தில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு, டேப் இருக்கக் கூடாது என்கிற எதிர்பார்ப்பு, இவளிடம் இருந்த அதே எதிர்பார்ப்பு, அது அணைவதையும் பார்த்தாள். "பளபளங்குது" என்றாள் ரஸியா, "ஓரத்துல கடிச்ச தடம்கூடத் தெரியுது. இருபத்தெட்டாம் தேதி, பதினொண்ணு நாப்பது." போனிலேயே கணக்குப் போட்டாள், பதினாலு புள்ளி ஒன்றை நூற்றுப் பதின்மூன்றால். "பன்னண்டு புள்ளி அஞ்சு" என்றாள். "ஆக என் புள்ளை கூட்டுனது புள்ளி நாலு." "புள்ளி மூணு, நாலு" என்றாள் உலகம்மாள், "சராசரியில." "சும்மா இரு, ரொம்ப முக்கியம்."

ஜன்னலோரம் போய் அந்தக் கறுப்புத் தாளின் கிழிசல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள் ரஸியா. இவள் அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தொடலாமா என்று நினைத்தாள் உலகம்மாள், எந்த உரிமையில் என்றும் நினைத்தாள், சிந்தின டீயைத் துடைக்கவாவது துணியைத் தேடினாள், கையில்தான் இருந்தது. புள்ளி நாலு ஒன்றும் இல்லாததல்ல என்று சொல்லலாம், பச்சை வெளிச்சத்தை அது பிடிக்கத்தான் செய்கிறது, பிடித்ததைப் பாதி வழியில் தவற விடுகிறது, ஏன் தவற விடுகிறது என்பதே ஒரு கட்டுரைதான் என்று சொல்லலாம், எல்லாம் உண்மை, எதையும் இப்போது சொன்னால் அடிப்பாள். "வியாழக்கிழமை போறேன்" என்றாள் ரஸியா திரும்பாமலே. "புள்ளி நாலோட போறேன். ஏன் ரெண்டு வரலைன்னு கேட்டா, என் ஃப்ரெண்டு டேப் ஒட்டிட்டான்னு சொல்லிட்டு வர்றேன்." திரும்பினாள், கண் சிவந்திருந்தது. "மூணு மாசம் எங்கிட்ட சொல்லாம இருந்தல்ல, அத நான் மறக்குறதுக்கு டைம் ஆகும். இப்பவே சொல்லிட்டேன், நாளைக்கு வந்து டீ வாங்கிக்குடுத்துச் சமாளிக்காத." "சரி." "சாருக்கு?" "சொல்லணும்." "சொல்லணும் சொல்லணும்னு இன்னொரு மூணு மாசம் உக்காந்திராத. எந்திரி." மானி மைனஸ் ஐந்தரையைத் தாண்டியிருந்தது, இன்னும் பத்து நிமிஷம் இருந்தால் வெள்ளியை உருக்கலாம், ஆறு வந்ததும் வெள்ளியை ஏற்றி, இறக்கி, அளந்து, அந்தப் பன்னிரண்டையும் நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலமாக நிதானமாகப் போய்ச் சொல்லலாம் என்று மனசு எவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு திட்டம் போடுகிறது பார், சீ என்று எழுந்தாள்.

மாடிப்படி இருபத்திரண்டு. எண்ணிக்கொண்டே ஏறினாள், எண்ணினால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், இருந்தும் பதினைந்தாவது படியில் சார் மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்த கை ஞாபகம் வந்தது. நீலமேகம் சார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாவது ஆளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமல், "பதினாலு வந்துதா உலகம்மா?" என்றார். "வரலை சார். இனிமேயும் வராது." நிமிர்ந்தார். நின்றுகொண்டே சொன்னாள், இந்தத் தடவை வரிசையாக வந்தது, பல் டாக்டர் வரவில்லை, தேதி, டேப், நூற்றுப் பதின்மூன்று, படம், பன்னிரண்டு புள்ளி ஐந்து. முடித்ததும் சார் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். பிறகு கத்தினார். அவளைப் பார்த்து இல்லை, வெள்ளையடிக்கிறவர்களைப் பார்த்து, முப்பது வருஷமாகச் சொல்கிறேன் இந்தக் கட்டடத்தில் ஓதம் ஓதம் என்று, ஒருத்தனாவது கேட்டானா, ஒரு தடவையில் உருப்படியாக ஒரு வேலை செய்தானா, இல்லாத அந்த ஆட்களை நாலு நிமிஷம் திட்டினார், குரல் உடைந்து இருமல் வந்தது, தண்ணீர் குடித்தார். "ரஸியாவுக்குத் தெரியுமா?" "தெரியும் சார். இப்பத்தான் சொன்னேன்." "நான் அந்த விழாவுல என்னெல்லாம் பேசினேன் தெரியுமா உனக்கு?" "தெரியும் சார். அம்மா லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க." அதற்கு அவர் ஒரு மாதிரி பார்த்தார், சிரிப்பா வலியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "உக்காரு" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த பதிலை முழுவதும் அழித்தார், அந்த ஒரு பக்கம் காணாமல் போவதை அவள் பார்த்தாள். புதுசாக ஆங்கிலத்தில் தட்டினார், உரக்கப் படித்துக்கொண்டே தட்டினார், விளக்கின் சரிபார்ப்பில் ஒரு பிழை இருந்தது கண்டறியப்பட்டுள்ளதால் கட்டுரையைத் திரும்பப் பெற விரும்புகிறோம் என்று அர்த்தம் வருகிற மாதிரி, வழவழவென்று, யாரும் எதையும் செய்யாமல் தானாகவே ஒரு பிழை வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி. அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறியது. மூன்று மாசமாக இந்தப் பாஷையில்தான் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள், விளக்கு சரிசெய்யப்பட்டது, ஈரம் காரணமாக இருக்கலாம், மேலும் ஆராயப்பட வேண்டும். "சார், கண்டறியப்படலை. நான் ஒட்டினேன். நானே எடுத்தேன். எடுத்தப்பவே எண்ணு மாறிச்சு. அப்படியே எழுதுங்க." "அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கும்மா? உன் பேருதான் கெடும். நாளைக்கு வேலைக்குப் போறப்ப இது கூடவே வரும்." "வரட்டும் சார்." அவர் அவளையே பார்த்தார், திட்டப்போகிறார் என்று தோன்றியது, திரும்பவும் தட்டினார், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கட்டுரையின் முதல் ஆசிரியர் அளவுச் செல்லின் கண்ணாடி மேல் டேப் ஒட்டியிருந்தார், எடுக்க மறந்துவிட்டார், பிறகு எடுத்தபோது ஏற்பட்ட மாற்றத்தை உடனே தெரிவிக்கவில்லை. நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். கேட்காமலே இன்னொரு வரி சேர்த்தார், அதையும் உரக்கப் படித்தார்: அந்த எண் கிடைத்த நாளில் வழிகாட்டியும் அந்த அறையில் இருந்தார், விளக்கு சரிபார்க்கப்பட்டதா என்று அவரும் கேட்கவில்லை. "அது வேண்டாம் சார்" என்றாள். "நீ சும்மா இரு" என்றார். கர்சர் கடைசி வரியின் முனையில் துடித்துக்கொண்டிருந்தது, வெளியே வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள், இதை அனுப்பினால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை, எட்டாவது வருஷம், அம்மாவுக்கு என்ன சொல்வது, புள்ளி நாலை வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது, எல்லாம் ஒரே சமயத்தில் வந்து மோதின, மோதிவிட்டு விலகின. சார் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அனுப்பட்டுமா?" என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

"அனுப்புங்க" என்றாள் உலகம்மாள்.